மாலை வகுப்பில் மின்கணக்கு: எங்கே தப்புகிறது?

பகுதிநேர மின்பொருத்துப் படிப்பு, இரவு 7 முதல் 10 வரை. எல்லாரும் வேலை முடிந்து வரும் பெரியவர்கள். ஓம் விதியை (வோல்ட் = ஆம்பியர் × ஓம்) ஒப்பிக்கிறார்கள். கணக்கென்றால் விடை ஆயிரம் மடங்கு பிசகுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில் 1:
சார், விதியில் கோளாறில்லை, அலகில்தான். 2.3 கிலோவாட் கேத்தல், 230 வோல்ட்; வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2.3ஐ அப்படியே 230ஆல் வகுத்து 0.01 ஆம்பியர் என்று எழுதிவிடுவார்கள். 2300 வாட்டாக மாற்றினால் 10 ஆம்பியர். திருத்திக் கொடுக்காதீர்கள். சதுர முள் பிளக்கைக் கழற்றி உள்ளேயிருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸைக் கையில் கொடுத்து, "0.01தான் ஓடுமென்றால் இது எதற்கு?" என்று கேளுங்கள்.

பதில் 2:
7 மணிக்கே புதுப் பாடம் வேண்டாம், ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் தவறவிடுவார்கள். முதல் 20 நிமிடம் பழைய கணக்கு. 9 மணிக்கு மேல் சூத்திரம் ஏறாது. வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டரைக் கொடுங்கள், 9 வோல்ட் பேட்டரியோடு மட்டும். ஆம்பியர் துளையில் சிவப்பு வயரை மாற்றாமல் விட்டு வோல்ட் அளந்தால் ஷார்ட் ஆகிவிடும், மீட்டர் ஃபியூஸ் போகலாம்.

பதில் 3:
வருகையையும் பாருங்கண்ணே. மானியப் படிப்புகளுக்குப் பொதுவாக 75% தேவை. 10 வகுப்பில் 2 விட்டால் தப்பலாம், 3 விட்டால் 70%தான். இரண்டாவது விடுப்பிலேயே பயிற்சி நிலைய அலுவலகத்திடம் பேசி, அதே பாடத்தின் இன்னொரு குழுவில் உட்கார வழி கேளுங்கள்.