950 கிலோ பெட்ரோல் கார், ஹைபிரிட் இல்லாமல் கஃபே இலக்கைத் தொடுமா?

பிஸ்டன்_மூன்று (கேள்வி)

கணக்குக்கு ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். எடை 950 கிலோ. நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், போர்ட் இஞ்செக்‌ஷன், 5 கியர் மேனுவல். மைலேஜ் அளக்கும் இந்திய ஆய்வகச் சோதனையான எம்ஐடிசியில் லிட்டருக்கு 20 கிமீ, அதாவது 100 கிமீக்கு 5 லிட்டர். கார்பன் டை ஆக்சைடாகச் சொன்னால் 118.5 கிராம்/கிமீ.

2022-23 முதல் இந்தியாவில் கஃபே (CAFE, கார்களின் எரிபொருள் செலவுக்கு அரசு வைத்த வரம்பு) இரண்டாம் கட்ட இலக்கு 113 கிராம். ஐந்தரை கிராம் குறைத்தால் போதும்தானே? ஸ்ட்ராங் ஹைபிரிட், மின்சாரம் இரண்டும் வேண்டாம், விலை தாங்காது. டர்போவும் முடிந்தவரை வேண்டாம். தயாரிப்பாளர் முதலில் எதில் கை வைக்க வேண்டும்? எடையைக் குறைப்பதுதான் நேர்வழி என்று நினைக்கிறேன். 50 கிலோ குறைத்தால் எவ்வளவு கிடைக்கும்?

கிராம்கணக்கு

113 உங்கள் வண்டியின் இலக்கு இல்லை. அது எல்லா நிறுவனங்களையும் சேர்த்துப் பார்த்தால் வரும் சராசரி. சூத்திரம் எடையை வைத்து ஓடுகிறது: எடையிலிருந்து 1145ஐக் கழியுங்கள், 0.002ஆல் பெருக்குங்கள், 4.7694ஐக் கூட்டுங்கள். வருவது 100 கிமீக்கு எத்தனை லிட்டர் என்பது. அதை 23.7ஆல் பெருக்கினால் கிராம்/கிமீ.

950 கிலோவுக்குப் போட்டால் 4.38 லிட்டர், 103.8 கிராம். ஆக நீங்கள் குறைக்க வேண்டியது ஐந்தரை இல்லை, 14.7 கிராம். மைலேஜில் 20லிருந்து 22.8க்குப் போக வேண்டும். எரிபொருளில் 12.4 சதவீதம். சட்டப்படி பார்ப்பது ஒரு மாடலை அல்ல, நிறுவனம் விற்ற மொத்த வண்டிகளின் சராசரியைத்தான். ஆனாலும் அதிகம் விற்கும் மாடல் இப்படிப் பின்தங்கினால் அந்தப் பற்றாக்குறையை வேறு மாடல்களால் ஈடுகட்டுவது கடினம்.

இப்போது எடை. 50 கிலோ குறைத்தால் உங்கள் இலக்கும் 0.1 லிட்டர், அதாவது 2.4 கிராம் இறங்கிவிடும். எஞ்சினைத் தொடாமல் எடையில் 5 சதவீதம் குறைத்தால் எரிபொருளில் கிடைப்பது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம், 0.08 முதல் 0.1 லிட்டர். கூட்டிக் கழித்தால் பூஜ்யம்! வலிமை மிகுந்த இரும்புத் தகடு, புது டை என்று செலவழித்துவிட்டு, நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். எடை குறைந்ததைப் பயன்படுத்தி எஞ்சினையும் ஃபைனல் டிரைவையும் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள கடைசிப் பல்சக்கர விகிதம்) சேர்த்து மாற்றினால் மூன்று, மூன்றரை சதவீதம் வரும். அப்போதுதான் கொஞ்சம் மிச்சம். அமெரிக்க விதி வண்டியின் தரைப்பரப்பை, அதாவது வீல்பேஸையும் டிராக் அகலத்தையும் வைத்துப் போகிறது. அங்கே எடை குறைத்தவருக்கு முழுப் பலனும் கையில் நிற்கும். நம்முடையதில் பாதிக்குமேல் கரைகிறது.

அதற்காக எடையை ஏற விடச் சொல்லவில்லை. சாலையில் புகை உண்மையாகவே குறைகிறது, பிரேக்கும் சஸ்பென்ஷனும் சின்னதாகலாம். இந்த 14.7 கிராமுக்கு அது முதல் வேலை இல்லை, அவ்வளவுதான்.

டைனோமேடை

எஞ்சினில்தான் பெரும்பகுதி கிடக்கிறது. 50 கிமீ வேகத்தில் சமதரையில் இந்த வண்டிக்கு என்ன தேவை என்று பாருங்கள். டயரின் உருளல் தடை சுமார் 93 நியூட்டன், காற்றுத்தடை சுமார் 78. மொத்தம் 171 நியூட்டன், 2.4 கிலோவாட். 60 கிலோவாட்டுக்கு மேல் தரக்கூடிய எஞ்சினை 2.4 கிலோவாட்டுக்கு ஓட்டுகிறோம். த்ராட்டில் (காற்று உள்ளே போகும் வழியின் கதவு) முக்கால்வாசி மூடியே இருக்கும், உறிஞ்சும் வேலைக்கே சக்தி போகும், உராய்வுக்கு மீதி. உச்சத்தில் 36, 37 சதவீத செயல்திறன் காட்டும் எஞ்சின் இந்த இடத்தில் 18ஐத் தாண்டுவதே கஷ்டம். ஆக, செய்ய வேண்டியது இரண்டு: உராய்வைக் குறைப்பது, எஞ்சினை அதிக சுமை, குறைந்த சுழற்சிக்குத் தள்ளுவது.

மூன்று சிலிண்டராக்குவது முதலாவதற்கு உதவும். அதே 1.2 லிட்டரில் ஒரு பிஸ்டனும் அதன் ரிங்குகளும் பேரிங்குகளும் குறையும். ஒவ்வொரு சிலிண்டரும் பெரிதாவதால் கொள்ளளவுக்கு ஏற்ற சுவர்ப்பரப்பு குறைந்து வெப்பம் வீணாவதும் குறையும். 2024 மாருதி ஸ்விஃப்டில் இதைப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் கே12என் எஞ்சினில் மேனுவலுக்கு 22.38 என்றிருந்த மைலேஜ், மூன்று சிலிண்டர் இசட்12இ வந்ததும் 24.8 ஆனது. எரிபொருளில் ஏறத்தாழ 10 சதவீதம். விலையும் கொடுத்தார்கள்: சக்தி 89.7 பிஎஸ்ஸிலிருந்து 81.6க்கு இறங்கியது. மூன்று சிலிண்டரில் கிராங்க் முன்னும் பின்னும் ஆடும், ஐடிலில் ஸ்டீயரிங்கில் தெரியும். மவுண்ட்டுகளுக்குச் செலவழிக்காவிட்டால் வாடிக்கையாளர் திட்டுவார்.

அடுத்து இன்டேக் வால்வைத் தாமதமாக மூடும் அட்கின்சன் முறையும், கூடவே கலவையை 12 மடங்குக்கு மேல் அமுக்கும் கம்ப்ரஷனும். இங்கே தடுக்கி விழுவது நாக்கிங்கில் (கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடிப்பது). ஆய்வகத்தில் 25 டிகிரி காற்று, சாலையில் பானெட்டுக்குள் 60. இசியு (எஞ்சினின் கணினி) இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்தவுடன் சேமித்ததெல்லாம் போயிற்று. எக்ஸாஸ்ட் பக்கம் சிலிண்டர் ஹெட்டின் நீர்வழியை அகலப்படுத்துங்கள், இன்டேக் காற்றை கிரில்லின் முன்னாலிருந்தே எடுங்கள். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலின் ஆக்டேன் 95 என்பதால் கம்ப்ரஷனை அரை புள்ளி கூட்ட இடம் இருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்த இழப்பில் கொஞ்சத்தையாவது கம்ப்ரஷன் மீட்கும்.

எஞ்சின் ஆயில்: 0டபிள்யூ-16 என்ற மெல்லிய கிரேடு. அதிவெப்பத்தில் அதன் பாகுத்தன்மைக்கான கீழ் வரம்பு 2.3 மில்லிபாஸ்கல்-விநாடி, 5டபிள்யூ-30க்கு 2.9. உராய்வு குறையும், ஆனால் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் அதற்கென்றே வடிவமைத்திருக்க வேண்டும். பழைய எஞ்சினில் ஊற்றினால் பேரிங் போகும். தலைகீழாகவும் நடக்கும்: இதற்கென்று செய்த எஞ்சினில் ஒர்க்‌ஷாப்பில் பேரலில் இருக்கும் 20டபிள்யூ-40ஐ ஊற்றிவிடுவார்கள். ஃபில்லர் மூடியில் ஆயில் கிரேடை அச்சடித்து வைப்பது ஒரு ரூபாய் வேலை.

ரிங்கின் இழுவிசையைக் குறைப்பதில் மட்டும் பேராசை வேண்டாம். அளவு மீறினால் ஆயில் குடிக்கும், அது கேட்டலிஸ்ட்டில் (புகையைச் சுத்தம் செய்யும் பகுதி) பாஸ்பரஸாகப் படியும்.

டர்போ வேண்டாம் என்றது சரி. நேரடி இஞ்செக்‌ஷனோடு வந்தால் துகள் எண்ணிக்கை வரம்பு, அதற்கு ஃபில்டர், குறைந்த சுழற்சியில் முன்கூட்டியே எரியும் தொல்லை, அதைத் தடுக்க எபிஐ எஸ்பி தர ஆயில். உங்கள் விலைக்கு அது வேறு வண்டி.

பிஸ்டன்_மூன்று

எடை விஷயம் எதிர்பார்க்காதது, நன்றி. ஸ்டார்ட்-ஸ்டாப் (வண்டி நிற்கும்போது எஞ்சினைத் தானே அணைத்து, பிறகு கிளப்புவது) பற்றி யாரும் சொல்லவில்லையே. மலிவானதுதானே? ஆனால் வாங்கியவர்களில் பலர் பட்டனை அமுக்கி அணைத்துவிடுகிறார்களாம்.

பேட்டரிமுனை

எம்ஐடிசி மொத்தம் 1180 விநாடி. அதில் 280 விநாடி வண்டி நின்றே இருக்கும். இந்த எஞ்சின் ஐடிலில் மணிக்கு அரை லிட்டர் குடித்தால், 10.6 கிமீ தூரத்துக்கு 100 கிமீக்கு 0.37 லிட்டர் என்று வரும். ஆனால் முழுசும் கைக்கு வராது. சோதனை குளிர்ந்த எஞ்சினில் தொடங்குது, கூலன்ட்டும் கேட்டலிஸ்ட்டும் சூடாகும்வரை எஞ்சினை நிறுத்த விடமாட்டாங்க. பாதிக்குமேல் வந்தா சரி, 4 சதவீதம்னு வெச்சுக்குங்க. டபிள்யூஎல்டிபி (ஐரோப்பாவில் நடக்கிற சோதனை) மாதிரி நிறுத்தம் கம்மியா இருக்கிற சோதனையில் இன்னும் குறையும்.

அணைச்சுடுறாங்கன்னா காரணம் ஏசி. கம்ப்ரஸர் எஞ்சின் பெல்ட்டில் ஓடுது. எஞ்சின் நின்னா அதுவும் நிக்கும். மே மாசம் சிக்னல்ல அரை நிமிஷத்துல எவாப்பரேட்டர் (ஏசியில் காத்தைக் குளிர வைக்கிற பகுதி) சூடாகி எஞ்சினை மறுபடி கிளப்பிடும், சேமிப்பும் இல்ல, குலுங்கலும் உண்டு. கேபின் சூட்டைப் பார்த்து, அந்த நேரம் நிறுத்தாமலே விடுறதுதான் நல்ல கேலிப்ரேஷன். பேட்டரி சாதாரண ஃப்ளட்டட் வகையா இருந்தா அடிக்கடி பாதி சார்ஜில் கிடந்து சல்ஃபேட் ஆகும். இஎஃப்பி (அதையே பலப்படுத்தின வகை) போடுங்க, நெகட்டிவ் டெர்மினல்ல கரன்ட் சென்சார் வைங்க. மாத்தும்போது கடைக்காரர் சாதாரண பேட்டரியைப் போட்டுட்டா ஒரு வருஷத்துல ஸ்டார்ட்-ஸ்டாப் தானா வேலை செய்றதை நிறுத்திடும். புகார் மட்டும் கம்பெனிக்கு வரும்.

இதைவிட சத்தமில்லாமல் காசு மிச்சம் பண்றது ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்). 100 வாட் மின்சுமைக்கு எஞ்சின்லேர்ந்து 150 வாட் போகுது. சோதனையோட சராசரி வேகம் மணிக்கு 32 கிமீன்னு வெச்சா அது 100 கிமீக்கு 0.12 லிட்டர், கிட்டத்தட்ட 3 கிராம். ஃப்யூயல் பம்பையும் ரேடியேட்டர் ஃபேனையும் தேவைக்குத் தக்க வேகத்தில் ஓட்டி, ஆக்சிலரேட்டரை விட்டு உருளும்போது மட்டும் ஆல்டர்னேட்டரை முழுசா சார்ஜ் பண்ண விட்டா 80 வாட்டாவது குறையும். செலவு பெரும்பாலும் மென்பொருள்தான்.

இன்னொன்னு: விதியில் ஸ்டார்ட்-ஸ்டாப், ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங், டயர் அழுத்த மானிட்டர், ஆறு அல்லது அதுக்கு மேல் கியர், ஒவ்வொண்ணுக்கும் 2 சதவீதம் கழிவு உண்டு. அழுத்த மானிட்டர் போட்டா தாளில் 2.4 கிராம் போச்சு. விளக்கு எரிஞ்சும் ஓட்டுறவர் காத்து அடிக்கலைன்னா ஒரு சொட்டுகூட மிச்சமில்லை, அது வேற கதை.

கோஸ்ட்டவுன்

எல்லோரும் மறப்பது பிரேக் இழுவையை. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும். முன் சக்கரம் ஒன்றுக்கு 2 நியூட்டன்-மீட்டர் என்றால், 0.28 மீட்டர் டயர் ஆரத்துக்கு இரண்டு சக்கரமும் சேர்ந்து 14 நியூட்டன். அதை அரை நியூட்டன்-மீட்டருக்கு இறக்கினால் 10 நியூட்டனுக்கு மேல் மிச்சம். டயரின் உருளல் தடையில் 10 சதவீதம் குறைத்ததற்குச் சமம் இது. தேவையானவை காலிப்பர் சீல் உட்காரும் பள்ளத்தின் சாய்வை மாற்றுவது, பேட்டைப் பின்னுக்குத் தள்ளும் சின்ன ஸ்பிரிங், அவ்வளவே. பேட் அதிகம் பின்வாங்கினால் மிதி ஆழமாகப் போகும், அதை மாஸ்டர் சிலிண்டரில் சரிக்கட்ட வேண்டும். கைடு பின்னின் ரப்பர் கிழிந்து தூசி புகுந்தால் எல்லாம் பழையபடி.

டயரில் உருளல் தடைக் குணகத்தை 0.010லிருந்து 0.008க்குக் கொண்டுவந்தால் எரிபொருளில் இரண்டு, இரண்டரை சதவீதம். சிலிக்கா கலவையில் செய்தால் ஈரச்சாலைப் பிடிப்பு கெடாது. டிரெட் ஆழத்தைக் குறைத்துச் செய்வது குறுக்குவழி, ஆயுளைத் தின்னும். முதல் செட் தேய்ந்ததும் வாங்கியவர் மலிவான டயர் போட்டால் இந்தச் சேமிப்பு அங்கேயே முடிந்தது.

காற்றுத்தடையில் இந்தச் சோதனைக்காகச் செலவழிக்க வேண்டாம். எம்ஐடிசியின் உச்ச வேகமே 90தான். கிரில் ஷட்டர் சேற்றில் சிக்கினால் எஞ்சின் சூடேறும்.

மே_வெயில்

இவ்வளவு நேரம் பேசியது ஏசி அணைத்த வண்டியைப் பற்றி. சோதனை அப்படித்தான் நடக்கிறது. நகர வெயிலில் கம்ப்ரஸர் 1.5 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்தால் மணிக்கு 0.4 லிட்டர். நெரிசலில் சராசரி 18 கிமீ வேகத்தில் அது 100 கிமீக்கு 2.2 லிட்டர். நீங்கள் தேடிக்கொண்டிருப்பது (5லிருந்து 4.38க்கு) 0.62 லிட்டர்! மாறும் கொள்ளளவு கம்ப்ரஸர், உறிஞ்சு குழாய்க்கும் திரவக் குழாய்க்கும் நடுவே ஒரு வெப்பமாற்றி, வெப்பம் தடுக்கும் கண்ணாடி. இவற்றுக்குக் கஃபேயில் ஒரு கிராம்கூடக் கிடைக்காது, அதனால்தான் சின்ன கார்களில் பலரும் போடுவதில்லை. ஏசியில் உள்ள ஆர்134ஏ வாயுவின் புவி வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் 1430 மடங்கு. 450 கிராம் முழுதும் கசிந்தால் இந்த வண்டி 5,400 கிமீ ஓடியதற்குச் சமம். குழாய் இணைப்பின் ஓ-ரிங்கில் இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

சிஎன்ஜி வகையையும் கவனியுங்கள். சிலிண்டரும் பிராக்கெட்டும் சேர்ந்து 90 கிலோ ஏறினால் இலக்கு 4.3 கிராம் தளர்கிறது. எரிபொருளும் ஆற்றலுக்கு ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்த கார்பன் தருகிறது. கூடுதல் எடைக்குப் பரிசு! எரியாமல் தப்பும் மீத்தேனைத்தான் கவனிக்க வேண்டும். குளிர்ந்த கேட்டலிஸ்ட்டால் அதை எரிக்க முடியாது.

பிஸ்டன்_மூன்று

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். எஞ்சின் 8, ஸ்டார்ட்-ஸ்டாப் 4, டயர் 2.5, பிரேக் 1, ஆல்டர்னேட்டர் 2. மொத்தம் 17.5 சதவீதம். 12.4க்கு மேல் தாராளமாக இருக்கிறதே?

கிராம்கணக்கு

கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். பெருக்கினால் 16.5. அதிலும் ஒன்றையே இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள். நின்றிருக்கும்போது எஞ்சினே ஓடவில்லை என்றால் அந்த 280 விநாடியில் உராய்வைக் குறைத்ததற்கும், ஆல்டர்னேட்டர் சுமையைக் குறைத்ததற்கும் பெரிதாகப் பலன் இல்லை. டயரும் பிரேக்கும் சுமையைக் குறைத்ததால் எஞ்சின் இன்னும் கீழே, செயல்திறன் மோசமான இடத்துக்குப் போகும். அதைச் சரிக்கட்ட ஃபைனல் டிரைவைக் கொஞ்சம் மாற்றி எஞ்சின் சுழற்சியைக் குறைக்க வேண்டும், முழுச் சுமையோடு மலைப்பாதையில் முதல் கியரில் கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டு.

13 சதவீதம் என்று வையுங்கள். 4.35 லிட்டர். இலக்கு 4.38. இடைவெளி 0.03. ஒரே வண்டியை ஒரே சோதனை அறையில் இரண்டு நாள் ஓட்டினாலே 0.04 மாறும். அதனால் அந்த டயர் அழுத்த மானிட்டரின் 2 சதவீதத்தைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.