மறு: வெளிப்பாய்வு என்றால் வெளியே பாய்வதா?

வணக்கம் ஐயா,

வெப்பமாற்றப் பாடத்துக்கான நம் சொற்பட்டியலில் எக்ஸ்டர்னல் ஃப்ளோவுக்கு நீங்கள் தந்த 'வெளிப்பாய்வு' இலக்கணப்படி சரிதான். ஆனால் தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறினாலும் அதையும் வெளிப்பாய்வு என்றுதானே படிப்பார்கள்? 'உட்பாய்வு' என்றால் உள்ளே வருவது. அணைக்கட்டு ஆட்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நமக்கு வேண்டியது ஒரு பொருளின் வெளிப்பக்கத்தை ஒட்டி ஓடும் காற்றுக்கோ நீருக்கோ ஒரு சொல்.

இதில் சறுக்கினால் கணக்கும் சறுக்கும். ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணையே பாருங்கள்: வேகத்தை ஒரு நீளத்தால் பெருக்கி, இயக்கப் பாகுநிலையால் (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது) வகுக்கிறோம். குழாய்க்குள் அந்த நீளம் குழாயின் விட்டம். எண் 2300 வாக்கில் வந்ததும் வரிச்சீர் ஓட்டம், அதாவது அடுக்கடுக்காகக் கலையாமல் போகும் ஓட்டம், குலையத் தொடங்கும். தட்டையான தகட்டின் மேல் முன்விளிம்பிலிருந்து அளக்கிறோம். வழக்கமாக 5 லட்சம் வரை வரிச்சீர் என்று கொள்கிறோம். குழாய்க்குள் எல்லைப் படலம் (சுவரை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் அடுக்கு) எல்லாப் பக்கமும் தடித்து நடுவில் முட்டிக்கொள்கிறது. தகட்டின் மேல் அதை மறிக்க எதிர்ச்சுவர் இல்லை.

மொட்டைமாடியில் 1 மீட்டர் நீளச் சூரியத் தகடு, அதன் மேல் விநாடிக்கு 3 மீட்டர் காற்று என்று வையுங்கள். ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 1,88,000. வரிச்சீர் ஓட்டம்தான். அதன் வர்க்கமூலத்தையும், காற்றின் பிராண்டல் எண் (இயக்கப் பாகுநிலைக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதம்) 0.7-இன் கனமூலத்தையும் 0.664-ஆல் பெருக்கினால் வெப்பம் எவ்வளவு நன்றாகக் கைமாறுகிறது என்று காட்டும் சராசரி நுசெல்ட் எண் 255 வருகிறது. வெப்பமாற்றக் கெழு சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு 6.6 வாட். 2300-ஐ மனப்பாடம் செய்த பையன் இதைக் கொந்தளிப்பு ஓட்டம் என்று நினைத்து அதற்கான சூத்திரத்தைப் போட்டால் நுசெல்ட் எண் 540-க்கு மேல் போய்விடும். இரண்டு மடங்குக்கும் அதிகம்! (கொந்தளிப்பு ஓட்டத்துக்குப் பாடநூல் தரும் 'சுழற்சி ஓட்டம்' எனக்குப் பிடிப்பதில்லை, மின்விசிறி ஞாபகம்தான் வருகிறது.)

என் பரிந்துரை 'புறப்பாய்வு'. குழாய்க்குள் நடப்பது 'அகப்பாய்வு'. புறநகர் ஊரை ஒட்டியே இருக்கிறது, வெளியூர் எங்கோ இருக்கிறது. 'புறம்' என்றதும் அந்த ஒட்டுதல் கூடவே வந்துவிடுகிறது. 'சூழ்பாய்வு' என்று முதலில் யோசித்தேன். உருளைக்கும் கோளத்துக்கும் அழகாகப் பொருந்தியது. தகட்டின் ஒரு பக்கம் மட்டும் காற்று ஓடும்போது எதைச் சூழ்கிறது? விட்டுவிட்டேன்.

ரெனால்ட்ஸ், நுசெல்ட் போன்றவற்றுக்குப் பொதுப்பெயராகப் 'பரிமாணமற்ற எண்' இருக்கட்டும். முப்பரிமாணப் படத்தோடு குழம்பும் என்று 'அலகிலா எண்' கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: ரேடியனுக்கு அலகுப் பெயர் உண்டு, பரிமாணம் இல்லை.

எண்களின் பெயர்களையும் தமிழில் விளக்கப் பெயர்களாக்கலாம் என்ற யோசனைக்கு மட்டும் நான் எதிர்க்கட்சி. நுசெல்ட் எண், பயோ எண் இரண்டுக்கும் சூத்திரம் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்: வெப்பமாற்றக் கெழு பெருக்கல் நீளம் வகுத்தல் வெப்பக் கடத்துத்திறன். நுசெல்ட்டில் அந்தக் கடத்துத்திறன் பாய்மத்துடையது (காற்று, நீர் போல ஓடுவது), பயோவில் திண்மத்துடையது. விளக்கப் பெயர் வைக்கப் போனால் இரண்டும் ஒரே பெயரில் வந்து நிற்கும். ஆள் பெயரே காவல்.

கன்வெக்‌ஷனுக்கு தமிழ்நாட்டில் வெப்பச்சலனம், இலங்கை நண்பர்களுக்கு மேற்காவுகை. 'காவுதல்' என்றால் சுமந்து செல்லுதல். பாய்மம் வெப்பத்தைச் சுமந்து போவதைச் சலனத்தைவிட அது நன்றாகவே சொல்கிறது. ஆனாலும் இரண்டையும் சொற்பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம், யாரையும் மாற்றச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் ஒரு பாக்கி. தகட்டுக்கு நீளம், உருளைக்கு விட்டம் என்று இடத்துக்கு இடம் மாறும் அந்த நீளத்துக்குச் 'சிறப்பியல்பு நீளம்' என்று பட்டியலில் இருக்கிறது. வகுப்பில் பத்து முறை சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 'அளவை நீளம்' போதுமா?