வெளிநாட்டுப் பேரிடருக்கு மருத்துவக் குழு: மதுரையிலிருந்து கிளம்ப என்னென்ன தயார் வேணும்?

வில்லாபுரம்வாசி:
வணக்கம். நாங்க மதுரையில ஒரு சின்ன டிரஸ்ட். மூணு டாக்டர், நாலு நர்ஸ், ஒரு பார்மசிஸ்ட், சாமான் பார்க்க ரெண்டு பேர், ஆக பத்துப் பேர். சித்திரைத் திருவிழா முகாம், மழைக்கால வெள்ள முகாம் நடத்துறோம். இலங்கை, மியான்மர் மாதிரி பக்கத்து நாட்டுல பேரிடர்னா போறதுக்குத் தயாரா இருக்கணும்னு ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது? கூடாரம் போட்டு ஆபரேஷன் வரைக்கும் போகலாமா? மருந்து ஸ்டாக் இப்ப ஒரு தகரக் கொட்டகையில இருக்கு.

மாட்டுத்தாவணி:
ஆபரேஷன் ஆசையை முதல்ல விடுங்க. உலக சுகாதார நிறுவனம் அவசர மருத்துவக் குழுக்களைப் பிரிச்சிருக்கிற வகைப்பாட்டுல அது டைப் 2. 20 படுக்கை, ஒரு நாளைக்கு 7 பெரிய அறுவை இல்லேன்னா 15 சின்ன அறுவை, 24 மணி நேரமும் ஆள். பத்துப் பேரால ஆகாது. உங்களுக்குப் பொருந்துறது டைப் 1 மொபைல், அதாவது இடம் மாறிப் போய்ப் புறநோயாளி மட்டும் பார்க்கிற குழு: ஒரு நாளைக்குக் குறைஞ்சது 50 புறநோயாளி, ரெண்டு வாரம் யார் கையையும் எதிர்பார்க்காம இருக்கணும். 2010 ஹெய்ட்டி பூகம்பத்துக்குக் கிளம்பி வந்த குழுக்கள்ல பல பேர் தேவையில்லாம கை காலை எடுத்துட்டு, பின்கவனிப்புக்கு ஆளில்லாம விட்டுட்டுப் போனதாலதான் இந்த வகைப்பாடே வந்துச்சு.

அந்த நாடு கேட்காம யாரும் ஃபிளைட் ஏறக் கூடாது. அங்க இருக்கிற சுகாதார அமைச்சகம் சரின்னு சொல்லணும், நம்ம வெளியுறவு அமைச்சகத்துக்கும் தெரியணும். ஒவ்வொருத்தருக்கும் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியாகிற பாஸ்போர்ட், பட்டம், கவுன்சில் பதிவு, குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் (பேர்ல புகார், நடவடிக்கை இல்லேன்னு கவுன்சில் தர்றது), சான்றொப்பமிட்ட நகல் மூணு செட். இலங்கைன்னா அவங்க மெடிக்கல் கவுன்சில்ல தற்காலிகப் பதிவு வேணும். அரசு வேலையில இருக்கிறவங்க தடையில்லாச் சான்று வாங்கணும், அது கடைசி நாள்ல கிடைக்காது.

ஆடிட்டரையும் இப்பவே பாருங்க. டிரஸ்ட் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவு பண்ணினா, நேரடி வரிகள் வாரியத்தோட அனுமதி இல்லாம அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. நிறைய பேர் இதை நினைக்கிறதே இல்ல.

பெருங்குடி சரக்கு:
சாமான் பக்கம் நான் சொல்றேன் சார்.

பெட்டி ஒண்ணு 25 கிலோவைத் தாண்டக் கூடாது, ஒரு ஆள் தூக்கணும். 32 கிலோவுக்கு மேல போனா பயணிகள் விமானத்துல லக்கேஜாவே எடுக்க மாட்டாங்க. ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஒரே பெட்டி, டிரெஸ்ஸிங் எல்லாம் இன்னொரு பெட்டின்னு அடுக்காதீங்க. ஒரு பெட்டி வழியில தங்கிட்டா முகாமே நின்னுடும். ஒவ்வொரு பெட்டியும் ரெண்டு நாள் தனியா ஓட்டுற மாதிரி கலந்து கட்டுங்க. லிஸ்ட் மூணு நகல்: உள்ளே, மூடி மேல, ஃபைல்ல. ஜெனரிக் பேர், எண்ணிக்கை, பேட்ச், காலாவதி, மதிப்பு எல்லாம் வேணும். கஸ்டம்ஸ்காரர் மதிப்பைத்தான் முதல்ல கேட்பார். காலாவதிக்கு ஒரு வருஷமாவது மிச்சம் இருக்கட்டும்.

ஏத்த விடாதவை: ஆக்சிஜன் சிலிண்டர், பெட்ரோல் வாசனை அடிக்கிற ஜெனரேட்டர், ப்ளீச்சிங் பவுடர், 160 வாட்-அவருக்கு மேல லித்தியம் பேட்டரி. ஆக்சிஜனுக்கு கான்சென்ட்ரேட்டர் (காத்துல இருந்தே ஆக்சிஜனைப் பிரிக்கிற மெஷின்) எடுங்க. 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில கிருமி நீக்குறது) கரண்ட்ல ஓடுறதுன்னா 2 கிலோவாட் வரைக்கும் போகும், சின்ன ஜெனரேட்டர் படுத்துடும். அடுப்புல வைக்கிற பிரஷர் டைப் வாங்குங்க. 121 டிகிரி, பொட்டலம் கட்டினதுக்கு 30 நிமிஷம்.

தண்ணி: 50 நோயாளிக்கு 5 லிட்டர் வீதம் 250, உங்க பத்துப் பேருக்கு 15 வீதம் 150, ஆக தினம் 400 லிட்டர். கேன் தண்ணிய நம்பிப் போக முடியாது. அங்கேயே ப்ளீச்சிங் பவுடர் வாங்கி, லிட்டருக்கு 33 கிராம் கரைச்சா சுமார் 1 சதவீதக் கரைசல். 400 லிட்டருக்கு 200 மில்லி ஊத்தி, அரை மணி கழிச்சு மீதக் குளோரின் பாருங்க. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் நிக்கணும். நிக்கலேன்னா பவுடர் வீரியம் போனது, இல்ல தண்ணி கலங்கல். கலங்கலை முதல்ல தெளிய வைக்காம குளோரின் கொட்டுறது வீண்.

அந்தத் தகரக் கொட்டகை மே மாசம் அடுப்பு. ஸ்ட்ரிப் மேல 30 டிகிரிக்குக் கீழேன்னு போட்டிருக்கும், அங்க அதெல்லாம் சுலபமா தாண்டிடும். இடத்தை மாத்துங்க. இன்சுலின், டெட்டனஸ் தடுப்பூசி ரெண்டும் 2 முதல் 8 டிகிரி. ஐஸ் பேக்கை ஒட்டி வச்சா உறைஞ்சு கெட்டுப்போகும். உறைஞ்சதைத் திரும்ப உருக்கி யாருக்கும் போடாதீங்க.

தையல் ஊசி:
சிகிச்சை பத்தி. நீங்க போய் இறங்குறப்ப பெரும்பாலும் மூணாவது நாள் ஆயிருக்கும். இடிபாட்டுல இருந்து ஆளை எடுக்கிற வேலை குறைஞ்சு, சீழ் பிடிச்ச காயம்தான் வரிசையில நிக்கும். அலங்காநல்லூர், பாலமேட்டுல கொம்பு குத்தின காயம் பார்த்த டாக்டருக்கு இது புரியும்: அழுக்குக் காயத்தை அன்னிக்கே தைக்கக் கூடாது. நிறையத் தண்ணி விட்டுக் கழுவி, செத்த சதையை வெட்டி, காஸை (காயத்துக்கு வைக்கிற வலைத்துணி) தளர்வா வச்சு மூடி, 3 முதல் 5 நாள் கழிச்சுச் சுத்தமா இருந்தா தைக்கணும். அதனால காஸ் நீங்க நினைக்கிறதைவிட ரெண்டு மடங்கு வேணும். தையல் நூல் பாதி போதும்.

கால் நசுங்கி மணிக்கணக்கா மாட்டின ஆள் வந்தா, பாரத்தை எடுக்குறதுக்கு முன்னாடியே நார்மல் சலைன், பெரியவங்களுக்கு மணிக்கு 1 லிட்டர். ரிங்கர் லாக்டேட் வேண்டாம், அதுல பொட்டாசியம் இருக்கு. இவங்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறி இதயம் நிக்கும். சலைனை ஓட விட்டு டயாலிசிஸ் இருக்கிற இடத்துக்கு அனுப்பிடுங்க.

ரெண்டாவது வாரம் பி.பி., சுகர், பிரசவம், காய்ச்சல்தான். மாத்திரை டப்பா தொலைஞ்சவங்க வருவாங்க. அம்லோடிபின், மெட்ஃபார்மின் இல்லாம போனா கையைப் பிசைஞ்சுட்டு உட்கார வேண்டியதுதான். வெள்ளம்னா எலிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் கட்டாயம்.

தினசரி அறிக்கையை விட்டுடாதீங்க. 2019-ல மொசாம்பிக் புயலப்போ முதல்முறையா எல்லாக் குழுவும் ஒரே படிவத்துல எண்ணிக்கை கொடுத்தாங்க. இப்ப அதுதான் வழக்கம். சித்திரைத் திருவிழா முகாம்லேயே அந்தப் படிவத்தை வச்சுப் பழகுங்க. அங்க வர்ற கூட்டத்துல எழுதிட்டீங்கன்னா எங்கேயும் எழுதிடலாம்.

வில்லாபுரம்வாசி:
ரொம்ப நன்றிங்க. வலிக்கு கெட்டமின், டிரமடால் எடுத்துட்டுப் போகலாமா? இலங்கைன்னா மொழிப் பிரச்சினை இருக்காதுல்ல?

மாட்டுத்தாவணி:
ரெண்டுமே போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற மருந்து. டிரமடால் 2018-ல உள்ளே வந்தது. குவாலியர்ல இருக்கிற மத்திய போதைப்பொருள் பணியகத்தோட ஏற்றுமதி அனுமதியும், அந்த நாட்டு இறக்குமதி அனுமதியும் வேணும். டைப் 1 மொபைலுக்கு பாரசிட்டமால், டைக்ளோஃபினாக், மரத்துப்போக வைக்கிற லிக்னோகெய்ன் போதும். சிறுநீரகம் அடிபட்ட ஆளுக்கு மட்டும் டைக்ளோஃபினாக் கொடுக்காதீங்க.

மொழி, போற இடத்தைப் பொறுத்தது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, தேயிலைத் தோட்டம்னா தமிழ் ஓடும். மத்த இடத்துல ஒரு டாக்டருக்கு ஒரு சிங்கள மொழிபெயர்ப்பாளர்னு கணக்குப் போட்டுக்குங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பெட்டியைப் பிரிச்சுக் காலாவதி பாருங்க.