கற்பனை மொழியில் சாமி சார்ந்த சொற்கள் ஒட்டவைத்த மாதிரி நிற்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

நாகலூர்_எழுத்து (ஏற்காடு):

வணக்கம். சேர்வராயன் மலையைப் போன்ற ஒரு மலையில் நடக்கும் மாயக்கதை நாவலுக்காக ‘நமுரி’ என்று ஒரு மொழி கட்டிவருகிறேன். மேலே குகைக்கோயில், செம்மண், காப்பிக்குப் பதில் கதைக்கென்று ஒரு பயிர், கீழே சமவெளியில் வேறு மொழி பேசும் ஊர்கள். அன்றாடச் சொற்கள் நானூறு வரை இருக்கின்றன. சுவாதேசு பட்டியலின் (மொழிகளை ஒப்பிடத் தொகுத்த அடிப்படைச் சொற்பட்டியல்) 207 பொருள்களை வைத்துத் தொடங்கியதால் உடம்பு, நீர், நெருப்பு, மரம் எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டன.

அந்தப் பட்டியலில் கடவுளும் இல்லை, வழிபாடும் இல்லை. அதனால் சாமி சார்ந்த அறுபது சொற்களைத் தனியாக உட்கார்ந்து உருவாக்கினேன். கடவுள் ‘ஷ்ராயேன்’, ஆன்மா ‘ஹ்ரிஷா’, கோயில் ‘ஃபெல்த்ராஸ்’. வாசித்தவர்கள் எல்லோரும் ஒரே குறைதான் சொல்கிறார்கள்: பூசாரி வாயைத் திறந்ததும் வேறு மொழி பேசுகிற மாதிரி இருக்கிறதாம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கத் தயார். எந்த வரிசையில் செய்வது, எத்தனை சொல் போதும், சாமியின் பெயரை எப்படிக் கையாள்வது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

குகைவாசல் (சேலம்):

கடவுள், ஆன்மா, மோட்சம் என்று மேலிருந்து தொடங்கியதுதான் சிக்கல். ஒரே ஒரு சடங்கை எடுத்துக்கொண்டு, அதை முதல் நாள் காலையிலிருந்து கடைசி நாள் வரை கையால் என்னென்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். சொற்கள் தானாக வரும்.

நம் ஊர் ஆடித் திருவிழாவையே பாருங்கள். பூச்சாட்டு, கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, மாவிளக்கு, பொங்கல், உருளுதண்டம், அலகு, வண்டி வேடிக்கை, சத்தாபரணம். இதில் வானத்திலிருந்து இறங்கிய சொல் எத்தனை? சாட்டுதல், நடுதல், அழைத்தல், உருளுதல் எல்லாம் வீட்டிலும் காட்டிலும் புழங்கும் வினைகள். கம்பம் என்றால் வெறும் கம்புதான். மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டி அம்மன் முன்னால் நட்டு மஞ்சள் நீர் ஊற்றத் தொடங்கியதும் அதே சொல் சாமிச் சொல்லாகிவிடுகிறது. பொருள் குறுகி, கனம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அறுபதில் நாற்பது சொற்களாவது இப்படி ஏற்கெனவே இருக்கும் நானூறிலிருந்து வர வேண்டும்.

சடங்கை எழுதும்போது இடம், பொருள், ஆள், செயல், வேளை, சொல்லும் வாக்கு ஆகியவற்றுக்குப் பெயர் வைத்துவிடுவோம். விட்டுப்போவது இரண்டு. ஒன்று, நிலை: தீட்டு, சுத்தம், காப்புக் கட்டியிருப்பவர், விரதம் முறித்தவர். இன்னொன்று, தவறு: விளக்கு அணைந்தால் என்ன பெயர், குடம் உடைந்தால் என்ன பெயர், அதற்குப் பரிகாரம் என்ன. ‘சாமி குத்தம்’ என்பதற்கு இணையான சொல் இல்லாத மொழியில் பூசாரிக்குப் பயமே இருக்காது. கதைக்கு அதிகம் உதவுவதும் அந்தச் சொல்தான்.

அடுத்து ஒலி. பூசாரியின் பேச்சு அன்றாடப் பேச்சிலிருந்து கொஞ்சம் விலகித் தெரிய வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரி. அதற்கு வழி, அது பழைய பேச்சாக இருப்பது. முதலில் பழைய நமுரிக்கு வேர்ச்சொற்களை வையுங்கள். பிறகு மூன்று ஒலி மாற்றங்களை வரிசை எண் போட்டு எழுதுங்கள். உதாரணத்துக்கு:

1. இரு உயிருக்கு நடுவில் வரும் ப, வ ஆகும்.
2. சொல் கடைசியில் உள்ள குறில் உகரம் விழும்.
3. சொல் முதலில் வரும் ஞ, ந ஆகும்.

பழைய ‘கேபனு’ என்றால் அடைத்து வைத்த இடம். விதிகள் ஓடியதும் கேவனு, பிறகு கேவன். இன்றைய நமுரியில் ‘கேவன்’ ஆட்டுப்பட்டி. சடங்கில் மட்டும் பழைய ‘கேபனு’ அப்படியே நிற்கிறது: பூசாரி தவிர யாரும் நுழையாத குகை அறை. அதேபோல் பழைய ‘ஞூபரு’ ஞூவரு, ஞூவர், நூவர் என்று தேய்ந்து குடத்துநீரைச் சாய்ப்பதைக் குறிக்கிறது. கல்லின் மேல் நீர் விட்டுக் கும்பிடுவது மட்டும் ‘ஞூபரு’. முதல் அத்தியாயத்தில் ஆட்டுப்பட்டியைப் பார்த்த வாசகர் ஏழாவது அத்தியாயத்தில் குகைக்குள் போகும்போது உறவைத் தானே பிடித்துக்கொள்வார். நீங்கள் அடிக்குறிப்பு போட வேண்டாம்.

விதிகளின் வரிசையை மாற்றிவிடாதீர்கள். ‘தெலபு’ (சாம்பல்) என்ற சொல்லில் 1, 2 என்று போனால் ‘தெலவ்’ கிடைக்கும். உகரத்தை முதலில் விழவைத்தால் ப இரு உயிருக்கு நடுவில் இல்லாமல் போய் ‘தெலப்’ என்று நின்றுவிடும். இருநூறாவது சொல்லில் வரிசை தடுமாறினால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மணிமுத்தாறு:

குகைவாசல் சொன்ன அடிப்படை சரிங்க. ஆனால் உறைந்து நிற்கும் பழஞ்சொற்களை எட்டு, மிஞ்சினால் பத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பூசாரிக்கென்று இரண்டாவது மொழி ஒன்று கட்ட வேண்டியிருக்கும், இப்போதிருக்கும் குறை வேறு வழியில் திரும்பி வரும். சடங்கின் மையத்தில் இருப்பவை மட்டும் உறையட்டும்: கருவறை, நீர், நெருப்பு, சாம்பல், பலி, தீட்டு, அந்த அளவில்.

குகைவாசல் தொடாத ஒன்று, கடன்சொல். மார்ட்டின் ஹாஸ்பெல்மாத், யூரி டாட்மோர் என்ற மொழியியலாளர்கள் இருவரும் 41 மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நவீனப் பொருள்களின் பெயர்களைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தால், கடன் வாங்குவதில் முதலில் நிற்பது சமயமும் நம்பிக்கையும்தான். நூற்றுக்கு 41 அளவில் வெளியிலிருந்து வந்த சொற்கள். உடலுறுப்புப் பெயர்களில் அது 14 மட்டுமே. உங்கள் மலைமக்கள் கீழே இருப்பவர்களோடு உப்புக்கும் துணிக்கும் பண்டமாற்று செய்தாலே போதும், சாமிச் சொற்களும் மேலே ஏறிவிடும்.

எது ஏறும், எது ஏறாது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. தமிழில் சாமி, தெய்வம், விரதம் வடமொழி வழி வந்தவை. படையல், நோன்பு, வேண்டுதல், நேர்ந்துவிடுதல், குறி கேட்டல் நம்முடையவை. கருத்துப் பெயர்களும் பட்டப் பெயர்களும் கடன் வாங்கப்படும், கைவேலைகள் பழைய பெயரிலேயே நிற்கும். ஆகவே ‘ஆன்மா’, ‘அருள்’, ‘குரு’ போன்றவற்றுக்குச் சமவெளி மொழிச் சொல்லை எடுத்து நமுரியின் வாய்க்கு ஏற்ப உடைத்துப் போடுங்கள். சமவெளி மொழியில் சொல் முதலில் ‘ப்ர’ வருமென்றால் நமுரியில் ‘பிர’ அல்லது ‘பெர’ ஆகட்டும். வாங்கிய காலமும் முக்கியம். ஒலிமாற்றத்துக்கு முன்னால் வந்த கடன்சொல் தானும் தேய்ந்திருக்கும், பின்னால் வந்தது தேயாமல் இருக்கும். ஒரே சொல்லை இரண்டு முறை வாங்கியிருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அரண்மனைச் சொற்கள் இன்னொரு ஊற்று. கோயில் என்றால் அரசன் இல்லமும்தான். திருப்பள்ளியெழுச்சி, பள்ளியறை, ஆலவட்டம், பரிவட்டம் எல்லாம் அரசனுக்குச் செய்ததைச் சாமிக்குச் செய்வதால் வந்தவை. நமுரிக்காரர்களுக்கு அரசன் இல்லையென்றால் இந்த வகை முழுவதையும் விட்டுவிடுங்கள். ‘சிங்காசனம்’ என்று ஒரு சொல் தப்பி உள்ளே வந்தால் மலைச்சமூகத்தின் அமைப்பே பொய்யாகிவிடும். அரசனுக்குப் பதில் மூத்த அண்ணன், ஊர்ப்பெரியவர் என்று உறவிலிருந்து எடுக்கலாம். நம் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சொல்லும் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் கதையில் மலைகளைப் பிரித்துக்கொள்வது அண்ணன் தம்பிகள்தானே.

கன்னங்குறிச்சி_க:

எழுத்து பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வாசகர்கள் சொன்ன குறைக்கு நேரடிக் காரணம் அதுதான். ஷ, ஹ, ஸ் மூன்றும் அன்றாட நமுரியில் இல்லை, சாமிச் சொற்களில் மட்டும் வருகின்றன. தமிழ் வாசகர் கண்ணுக்குக் கிரந்த எழுத்து பட்டதும் காதில் வடமொழி ஒலிக்கும். ‘ஃபெ’ என்று எழுதினால் எல்லோரும் ஆங்கில எஃப் ஒலியில்தான் படிப்பார்கள். ஆய்தத்தைப் பழைய முறையில் வைக்க வேண்டுமென்றால் எஃகு, அஃது போல குறிலுக்குப் பின்னால், வல்லினத்துக்கு முன்னால் வையுங்கள்.

ஒலிப்பு வேறுபாட்டை மட்டும் நம்பி இரண்டு சொல் உருவாக்காதீர்கள். நடுவில் வரும் ஒற்றைப் ப மென்மையாகத்தான் படிக்கப்படும், வல்லொலி வேண்டுமென்றால் ப்ப என்று இரட்டிக்க வேண்டும். இந்த வகையில் குகைவாசலின் ப-வ மாற்றம் தமிழ் வாய்க்கு இயல்பாக வரும். ள, ழ இரண்டையும் மட்டும் வைத்துப் புனிதச் சொல்லையும் அன்றாடச் சொல்லையும் பிரிப்பதும் வேண்டாம். சேலத்துப் பேச்சில் பாதிப் பேருக்கு இரண்டும் ஒன்றுதான். பழமை தெரிய வேண்டுமென்றால் ஞ முதலெழுத்து நல்ல தேர்வு. ங முதலெழுத்து வேண்டாம், வாசகர் அங்கே நின்றுவிடுவார்.

சாமி பெயர். உண்மைப் பெயரை நாவலில் அச்சிடவே அச்சிடாதீர்கள். அம்மை போட்டவர் வீட்டில் நோயின் பெயரைச் சொல்லாமல் ‘அம்மா வந்திருக்கு’, ‘முத்து போட்டிருக்கு’ என்போம், நஞ்சுள்ளதை ‘நல்ல பாம்பு’ என்போம். அதே முறையில் மூன்று மாற்றுப் பெயர்கள் வையுங்கள்: இடத்தால் ஒன்று, உறவால் ஒன்று, கையில் உள்ள பொருளால் ஒன்று. மலைக்கும் சாமிக்கும் ஒரே பெயர் இருப்பதை ஏற்காட்டிலேயே பார்க்கிறீர்கள்: சேர்வராயன். பெண்கள் ஒன்றையும், பூசாரி இன்னொன்றையும், கீழூர்க்காரர் மூன்றாவதையும் சொல்லட்டும். யார் பேசுகிறார் என்று சொல்லாமலே தெரியும். மாற்றுப் பெயரும் நாளடைவில் சொந்தப் பெயராகிக் கனத்துவிடும், பிறகு அதையும் சொல்லக் கூச்சம் வரும். கதையில் பாட்டி தயங்கும் பெயரும் பேரன் தயங்கும் பெயரும் வேறாக இருக்கலாம்.

நாகலூர்_எழுத்து:

மூவருக்கும் நன்றிங்க. ஷ, ஹ, ஸ் அனைத்தையும் எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம்: குகைக்குள் பூசாரி சொல்லும் வேண்டுதலை நமுரியிலேயே எழுத வேண்டும். எவ்வளவு நீளம்? இலக்கணத்தில் ஏதாவது தனியாக வேண்டுமா? செத்துப்போன வீரனுக்குக் கல் நடும் காட்சியும் ஒன்று இருக்கிறது.

குகைவாசல் (சேலம்):

நான்கு வரி, ஒரு வரிக்கு ஐந்து சொல்லுக்குள். அதற்கு மேல் போனால் வாசகர் கண் தாவிவிடும். முதல் முறை மட்டும் பொருள் சொல்லுங்கள். பிறகு இரண்டு இடங்களில் அதே வரிகளை எழுத்து மாறாமல் கொண்டுவாருங்கள், ஓர் இடத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். கூர்ந்து படிப்பவர் திடுக்கிடுவார்.

இலக்கணத்தில் இரண்டு முடிவு எடுக்க வேண்டும். ஒன்று, வினைமுற்று. தமிழில் வாழ்க, வருக என்ற வியங்கோள் வீட்டுப் பேச்சில் அநேகமாக இல்லை, வாழ்த்திலும் வேண்டுதலிலும் நிற்கிறது. நமுரியிலும் பேச்சில் செத்துப்போன ஒரு வினை விகுதியை வேண்டுதலில் மட்டும் உயிரோடு வையுங்கள். ஒரே விகுதி போதும். இரண்டு, முன்னிலை. மாமனாரை ‘நீங்கள்’ என்பவர் மாரியம்மனை ‘நீ’ என்பார், கோபம் வந்தால் ‘வாடி’ என்றும் கூப்பிடுவார். நமுரியில் சாமிக்கு ஒருமையா பன்மையா என்பதைத் தீர்மானித்துவிட்டு எழுதுங்கள். பெரியவர்களை எப்போதும் பன்மையில் அழைக்கும் ஒரு பாத்திரம் குகைக்குள் நுழைந்ததும் ஒருமைக்கு மாறினால், அந்த உறவைப் பற்றி வேறு எதையும் நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

கல் நடுவதற்குத் தொல்காப்பியத்தின் ஆறு படிகள் இருக்கின்றன: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுக்கத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. ஆறு வினை, ஆறு சொல். படிகளை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் ஊரில் கல் கிடைப்பது எப்படி, யார் சுமப்பது என்று யோசித்து ஒன்றைச் சேருங்கள், ஒன்றைக் கழியுங்கள். தருமபுரிப் பக்கம் நடுகற்கள் நிறைய இருக்கின்றன. ஒரு முறை நேரில் நின்று கல்லின் உயரத்தையும் கனத்தையும் பார்த்தால் ‘சுமத்தல்’ என்பதற்கே தனிச்சொல் தேவை என்று தோன்றும்.

கன்னங்குறிச்சி_க:

ஒன்று விட்டுப்போனது. நாவல் தமிழில் என்பதால் நமுரிச் சொல்லோடு தமிழ் வேற்றுமை உருபு சேரும். கு, சு, டு, து, பு, று என்று முடியும் நீண்ட சொற்களில் உருபு சேர்ந்தால் உகரம் போய்விடும்: காசு, காசில். ‘தெலபு’ உறைந்த சொல் என்பதற்கு அடையாளமே கடைசி உகரம். ‘தெலபில்’, ‘தெலபை’ என்று எழுதியதும் அது காணாமல் போகிறது. னு, ரு, லு என்று முடிந்தால் மனு, மனுவில் என்பதுபோல் உகரம் தங்கும்: கேபனுவில், ஞூபருவை. உறையவைக்கும் எட்டுப் பத்துச் சொற்களையும் இந்த முடிவுகளோடு தேர்ந்தெடுங்கள். சாம்பலுக்குத் ‘தெலபு’ வேண்டாம், ‘தெபலு’ என்று திருப்பிப் போட்டால் அன்றாடத்தில் ‘தெவல்’, சடங்கில் ‘தெபலு’, உருபோடு ‘தெபலுவால்’. மூன்றும் வாய்க்குச் சரியாக வருகின்றன.