‘தாத்தா வீடு’ குழு: கோர்ஸ் ஓடுகிறதா, கொஞ்சம் பாருங்கள்

சனிக்கிழமை

நான், 9:10
எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும். நான் தயாரித்த கை கழுவும் முறை பற்றிய கோர்ஸ் திங்கட்கிழமை செவிலியர்களுக்குப் போகிறது. என் கணினியில், குரோமில் நன்றாக ஓடுகிறது. அது போதாது. லிங்க் மேலே அனுப்பியிருக்கிறேன். செய்து பார்த்து, எந்த போன், எந்த பிரவுசர், எங்கே தடுமாறியது என்று எழுதுங்கள்.

மாமா, 9:32
சாம்சங் போன், அதிலேயே வரும் பிரவுசர். முதல் பக்க வீடியோவில் சத்தமே இல்லையம்மா.

நான், 9:35
போனில் கோளாறு இல்லை மாமா. நாம் எதையும் தொடாமல் சத்தத்தோடு வீடியோ ஓடுவதை பிரவுசர்கள் தடுக்கும். குரோம் 2018 முதலே அப்படி. நான் அந்தத் தளத்தில் தினமும் வீடியோ ஓட்டுவதால் என் குரோம் தடுக்காமல் விட்டுவிட்டது, எனக்குத் தெரியாமல் போனது. ‘தொடங்கு’ பட்டன் வைத்துவிடுகிறேன்.

தம்பி, 9:50
அக்கா, குரோம், எட்ஜ் இரண்டிலும் முடித்தேன். சரியாக இருக்கிறது.

நான், 9:51
2020-லிருந்து இரண்டுக்கும் உள்ளே பக்கத்தைக் காட்டும் என்ஜின் ஒன்றுதான்டா. ஃபயர்ஃபாக்ஸில் பார், அது தனி.

அண்ணி, 10:15
நான் ஐபோனில் குரோம். 4-வது கேள்வியில் அட்டைகளை இழுத்து வரிசைப்படுத்தச் சொல்கிறது. இழுத்தால் பக்கம்தான் நகர்கிறது.

மாமா, 10:17
எனக்கும் அதே.

நான், 10:20
என் தப்பு. மவுஸுக்கு மட்டும் எழுதியிருக்கிறேன். தொட்டே வரிசைப்படுத்தும்படி மாற்றுகிறேன். அண்ணி, நம் ஊர் ஐபோனில் குரோம் என்றாலும் உள்ளே சஃபாரியின் என்ஜினான வெப்கிட்தான். ஐபோன் உங்களிடம் மட்டும் இருக்கிறது. மீதியையும் பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தி, 11:05
நைட் டியூட்டி முடித்து இப்போதுதான் வந்தேன். போன வருடம் எங்களுக்கும் ஒரு கோர்ஸ் கொடுத்தார்கள். போனில் முடித்துவிட்டு மூடினேன். மறுநாள் ‘முடிக்கவில்லை’ என்று காட்டியது. மூன்று முறை செய்தேன். நான் செய்யவே இல்லை என்றுதான் மேலே நினைத்தார்கள். உன்னுடையதிலும் அப்படி ஆகுமா?

நான், 11:12
ஆகக் கூடாது என்றுதான் உங்களையெல்லாம் கேட்கிறேன் சித்தி. பல கோர்ஸ்கள் ‘முடிந்தது’ என்ற தகவலைப் பக்கத்தை மூடும் நொடியில்தான் அனுப்பும். போனில் ஆப்பை மேலே தள்ளி மூடினால் அந்த நொடியே கோர்ஸுக்குக் கிடைக்காமல் போகலாம். கணினியிலும், தகவல் போய்ச் சேரும் வரை பக்கத்தைப் பிடித்துவைக்கும் பழைய முறையை 2020-ல் குரோமின் 80-வது பதிப்பு தடுத்தது. நீங்கள் செய்த உழைப்பு உங்கள் பேரில் ஏறவில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. நான் கேள்விக்குக் கேள்வி சேமிக்கிறேன். தூங்கி எழுந்து, 6-வது கேள்விக்கு விடை தொட்டதும் தள்ளி மூடிவிட்டு, மறுபடி திறந்து பாருங்கள்.

சித்தி, 5:40
6-வதில்தான் திறந்தது. ஆனால் நான் தொட்ட விடை இல்லை.

நான், 5:44
நல்லவேளை, இன்றே தெரிந்தது. ‘அடுத்து’ தொட்ட பிறகுதான் சேமிக்கிறது. விடையைத் தொட்டதுமே சேமிக்க வேண்டும்.

தம்பி, 6:30
ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் எழுத்து பட்டனுக்கு வெளியே வழிகிறது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறேன்.

நான், 9:05
மூன்றும் சரிசெய்தாயிற்று, பட்டனையும் அகலமாக்கிவிட்டேன். சித்தி, டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஒருமுறை?

சித்தி, 9:20
மூன்று முறை மூடித் திறந்தேன். ‘40 முதல் 60 நொடி’ என்று நான் தொட்டது அப்படியே இருக்கிறது.