சோபால பாஸே (அடி சத்தம்) இல்ல, பக்கத்து வீட்ல டம்ளர் அதிருது: சப்வூஃபர் லெவல் எவ்ளோ வைக்கணும்?

வண்ணை_5.1 (பழைய வண்ணாரப்பேட்டை)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா மண்டைய பிச்சிக்கிட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க யாராவது வழி சொல்லுங்க. எங்க வீடு சந்துக்குள்ள, மாடி போர்ஷன். ஹால் 14 அடி நீளம், 10 அடி அகலம், சீலிங்கும் கிட்டத்தட்ட 10 அடி. வலது பக்க செவுரு பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொது. தீபாவளி போனஸ்ல 5.1 ஏவிஆர் (அஞ்சு ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் சத்தத்தப் பிரிச்சுக் குடுக்குற ஆம்ப் பெட்டி), புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் செட்டு, 10 இன்ச் பவர்டு சப் (உள்ளயே ஆம்ப் இருக்குற சப்வூஃபர்) வாங்குனேன். பெட்டில வந்த மைக்க சோபால வச்சு ஆட்டோ கேலிபரேஷனும் (ஏவிஆரே டோன் போட்டு, மைக்ல கேட்டு லெவல் செட் பண்றது) ஓட்டியாச்சு. சப்ப டிவிக்கு வலது பக்கம், அந்த பொது செவுத்த ஒட்டி மூலைல வச்சிருக்கேன், வேற இடம் தோணல.

பிரச்சனை என்னன்னா சோபா ஹாலுக்கு நட்டநடுவுல இருக்கு, அங்க நான் உக்காந்தா பாஸ் இருக்குற மாதிரியே தெரியல, குண்டு வெடிக்கிற சீன்ல கூட சத்தம் மட்டும் வருது நெஞ்சுல அடிக்க மாட்டேங்குது. எங்க அண்ணன் செவுத்தோரமா ஸ்டூல் போட்டு உக்காருவான், அவனுக்கு மட்டும் பூம் பூம்னு ஒரே நோட்டு எல்லாத்துக்கும் வருதாம், வசனமே புரியலங்குறான். ஏவிஆர் சப் லெவலுக்கு +9 டிபி (டெசிபல்) போட்டு வச்சிருக்கு. பத்தலன்னு நான் சப்புக்குப் பின்னாடி இருக்குற வால்யூம் நாப மூணு மணி வரைக்கும் திருப்பிட்டேன்.

முந்தாநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "தம்பி, ராத்திரில எங்க செல்ஃப்ல டம்ளர்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கிது, நாங்க பூகம்பம்னு பயந்துட்டோம்"னு சொன்னாங்க. சின்ன வயசுலேர்ந்து என்னைத் தூக்கி வளத்தவங்க. அவங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டு படம் பாக்க மனசே வரல. சரியான லெவல் எவ்ளோ, கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழ சப்புக்குப் போவணும்னு பிரிக்கிற எடம்) எதுல வைக்கணும்னு சொல்லுங்க ப்ளீஸ்.

பெரம்பூர்_டெசிபல்

தம்பி, மொதல்ல அந்த நாப்ல இருந்து கைய எடுங்க. உங்க பிரச்சனை லெவலே இல்ல, நீங்க உக்காந்திருக்குற இடம்.

கணக்கு ரொம்ப சிம்பிள். சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும். எதிரெதிர் செவுத்துக்கு நடுவுல இருக்குற தூரத்த மீட்டர்ல எடுத்து ரெண்டால பெருக்கி, 343ஐ அதால வகுத்தா அந்த ரூமோட மொத மோட் (செவுத்துக்கு நடுவுல அலை தேங்கி நிக்கிற நோட்டு) வந்துரும். உங்க 14 அடி நீளத்துக்கு சுமார் 40 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு சுமார் 56 ஹெர்ட்ஸ். உயரமும் 10 அடின்றதால அதுவும் அதே 56, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. உங்க அண்ணன் காதுல விழற அந்த ஒத்த நோட்டு பெரும்பாலும் இதுதான். இந்த மொத மோட் எல்லாமே செவுத்துகிட்ட பலமா இருக்கும், ரூமுக்கு நடுவுல ஏறக்குறைய செத்துப் போயிடும். நீங்க நீளத்துலயும் நடு, அகலத்துலயும் நடு. அதனாலதான் ஸ்டூல்ல பூம், சோபால ஒண்ணுமில்ல.

அந்த மைக்கும் பாவம் அதே செத்த இடத்துல உக்காந்துதான் கேட்டுச்சு. பாஸ் கம்மின்னு நெனச்சு +9 ஏத்திருச்சு. அது மேல நீங்களும் ஏத்துனீங்க. சோபால நிக்காத சத்தம் அப்படியே செவுரு தாண்டி அக்கா வீட்டுக்குப் போவுது. 40 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் எட்டரை மீட்டர், 9 இன்ச் செங்கல் செவுரு அத தடுக்கும்னு நெனைக்கவே நெனைக்காதீங்க.

சோபாவ ஒரு ரெண்டு அடி பின்னாடி தள்ள முடியுதா பாருங்க, அதுவே நெறைய மாத்தும். அப்புறம் சப்ப அந்த மூலைலேர்ந்து எடுங்க. எங்க வைக்கிறதுன்னு கண்டுபிடிக்க பழைய வழி ஒண்ணு இருக்கு, சப்பத் தூக்கி சோபா மேலயே, நீங்க உக்காருற எடத்துலயே வையுங்க, பாஸ் கிட்டார் நல்லா ஏறி எறங்குற ஒரு பாட்டப் போட்டுட்டு, செவுத்தோரமா தரைல முட்டி போட்டு மெதுவா நகந்துகிட்டே காத தரைகிட்ட வச்சு கேளுங்க. எந்த எடத்துல எல்லா நோட்டும் ஒரே அளவா கேக்குதோ அதான் சப்போட இடம். மூலைல நல்லா சத்தமா கேக்கும், அத நம்பிடாதீங்க, சத்தம் வேற சமம் வேற.

காசிமேடு_அசெம்பிள்

தல நான் அசெம்பிள் செட்டுக்காரன், ரிச்சி ஸ்ட்ரீட்ல போர்டு வாங்கி நானே பூட்டுனது, எங்கிட்ட மைக்கும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ஆனா ஒண்ணு சொல்றேன், எனக்கும் இதே மாதிரி சப்லேர்ந்து கர்ர்ருனு ஒரு சத்தம் வந்துகினே இருந்துச்சு, கோன் போச்சுன்னு நெனச்சு டிரைவரே மாத்தலாம்னு காசு எடுத்து வச்சிட்டேன். கடைசில பாத்தா ஹால்ல இருக்குற இரும்பு பீரோ கதவு. கைய வச்சு அமுத்துனா சத்தம் நிக்குது, எடுத்தா வருது. தினத்தாள மடிச்சு கதவு இடுக்குல சொருவுனேன், பீரோ கால் ஆடிகினு இருந்துச்சு அதுக்கு அடில ஒரு ரப்பர் துண்டு, அவ்ளோதான். நாப்ப தொடறதுக்கு முன்னாடி வீடு ஃபுல்லா ஒரு ரவுண்டு போய் எது எது ஆடுதுன்னு கைய வச்சுப் பாத்துருங்க.

என் டவுட்டு: போன்ல ஆப் போட்டு டெசிபல் அளந்து சப்ப செட் பண்ணா போதுமா?

தண்டையார்பேட்டை_மீட்டர்

போன் டவுட்டுக்கு மொதல்ல. போன் மைக் பேச்சுக்குன்னு செஞ்சது, நெறைய போன்ல அடி பாஸ வெட்டிதான் உள்ள எடுக்கும். நெசமா 75 டிபி இருக்கும், போன் 66, 67 காட்டும், நம்பி ஏத்துனீங்கன்னா சப் எட்டு ஒம்போது டிபி ஜாஸ்தி ஆயிரும். தனியா எஸ்பிஎல் மீட்டர் (சத்தத்தோட அளவு பாக்குறது) ஒண்ணு வாங்கிருங்க. அதுல ஏ, சி னு ரெண்டு வெயிட்டிங் (எந்த நோட்டுக்கு எவ்ளோ மதிப்பு குடுக்கணும்ங்குற கணக்கு) இருக்கும், 'சி'யில வைங்க, ஸ்லோல வைங்க. ஏ வெயிட்டிங்ல வச்சா 40 ஹெர்ட்ஸ 34 டிபிக்கு மேல கம்மியா காட்டும், 'சி'யில 2 டிபிதான் கம்மி. இந்த ஒரு ஸ்விட்ச் பாக்காம நெறைய பேர் ஏமாந்துருக்காங்க.

வண்ணை ப்ரோ, இடம் மாத்துனதுக்கு அப்புறம் இப்படிப் பண்ணுங்க. சப்புக்குப் பின்னாடி இருக்குற கிராஸ்ஓவர் நாப கடைசி வரைக்கும் திருப்பிருங்க, இல்ல எல்எஃப்இ (படத்துல அடி பாஸுக்குன்னே வர்ற தனி சேனல்) னு இருந்தா அதுல. பிரிக்கிற வேலைய ஏவிஆர் பாத்துக்கும், ரெண்டு பேரும் பிரிச்சா நடுவுல ஓட்டை விழும். ஏவிஆர்ல ஸ்பீக்கர் எல்லாம் ஸ்மால் (அப்பதான் அதோட பாஸ் சப்புக்குப் போவும்), கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். எல்எஃப்இ பிளஸ் மெயின்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அது பக்கமே போவாதீங்க, ஒரே பாஸ் ரெண்டு எடத்துலேர்ந்து வந்து கொழப்பும்.

வால்யூம் நாப பத்து மணி பதினோரு மணிகிட்ட வச்சுட்டு ஆட்டோ கேலிபரேஷன் மறுபடி ஓட்டுங்க. சப் ட்ரிம் (ஏவிஆர் சப்புக்குப் போடுற லெவல் நம்பர்) 0க்கும் -6க்கும் நடுவுல வந்தா நல்லது. +9 மாதிரி வந்தா உச்ச சீன்ல ஏவிஆரோட சப் அவுட்டே கிளிப் ஆவ (அலையோட உச்சி வெட்டுப்பட) வாய்ப்பு இருக்கு, அப்போ நாப கொஞ்சம் ஏத்தி திரும்ப ஓட்டுங்க. -12ல போய் முட்டி நின்னுச்சுன்னா நாப எறக்குங்க, இல்லன்னா அது இன்னும் எறக்கணும்னு நெனச்சும் முடியாம நிக்குதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, சப் தூரம் டேப்ல 9 அடி இருக்கும், ஏவிஆர் 14, 15 அடின்னு காட்டும். தப்புன்னு நெனச்சு நீங்களே திருத்திராதீங்க. சப்புக்குள்ள இருக்குற சர்க்யூட் சிக்னல கொஞ்சம் லேட்டாக்கும், அந்த லேட்டையும் சேத்துதான் அது தூரமா சொல்லுது.

அப்புறம் மீட்டர காது உயரத்துல பிடிச்சு, ஏவிஆர் உள்ள இருக்குற டெஸ்ட் டோன போடுங்க. மெயின் வால்யூம் 0ல பெரும்பாலான ஏவிஆர்ல ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 வரணும், சப்பும் 75. முள்ளு ஆடிக்கிட்டேதான் இருக்கும், ஆடுறதுக்கு நடுவுல எடுத்துக்கோங்க. சப்புல இருக்குற ஃபேஸ் ஸ்விட்ச் (அலைய தலைகீழா திருப்புறது) 0லயும் 180லயும் மாத்தி மாத்தி 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, மெயின் ஸ்பீக்கரும் சப்பும் சேந்து பாடும்போது எதுல மீட்டர் ஜாஸ்தி காட்டுதோ அதுல விடுங்க. இதுக்கு மேல 2, 3 டிபி ஏத்துறது உங்க காதுக்கு, அதுல தப்பே இல்ல, நானும் 3 ஏத்திதான் வச்சிருக்கேன். ஆனா மொதல்ல சமம் எங்கன்னு தெரிஞ்சிட்டு ஏத்துங்க.

காசிமேடு தல, உங்க அசெம்பிள் செட்டுக்கு ஒரு விஷயம். டிஸ்க்ல எல்எஃப்இ சேனல 10 டிபி கம்மியா பதிஞ்சிருப்பாங்க, போடும்போது டிகோடர் பக்கத்துல அந்த 10ஐ ஏத்திக் குடுக்கணும். கம்பெனி ஏவிஆர் தானா பண்ணிரும். போர்டு செட்டுல சிலது பண்ணாது. பாட்டுல பாஸ் சரியா இருந்து, படத்துல வெடி மட்டும் சப்புன்னு இருந்தா இதத்தான் பாக்கணும்.

திருவொற்றியூர்_ஹால்

லெவல் பத்தி அவங்க சொன்னது கரெக்ட். நான் ராத்திரி பத்தி சொல்றேன், ஏன்னா எங்க லைன்ல இதுக்கு சண்டையே நடந்துருக்கு.

2000ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்பு ஏரியால பகல்ல 55, ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் 45 டிபி. ஆனா அது ஏ வெயிட்டிங் கணக்கு. மேல ப்ரோ சொன்னாரே, ஏ ல 40 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட மறைஞ்சே போயிடும். அதனால மீட்டர்ல 45க்குள்ள இருக்குன்னு நாம நியாயம் பேசலாம், அங்க டம்ளர் ஆடிகிட்டுதான் இருக்கும். நம்பர வச்சு அக்காகிட்ட பேசாதீங்க, செல்ஃப வச்சு பேசுங்க.

சத்தம் கொறச்சு வச்சா பாஸ் காணாமப் போற மாதிரி தோணும், அது சப்போட கோளாறு இல்ல, நம்ம காதே அப்படித்தான், சின்ன சத்தத்துல அடி நோட்டு சீக்கிரம் மங்கிரும். அதனால ராத்திரி மெயின் வால்யூம எறக்கிட்டு சப்ப மட்டும் ஏத்துற பழக்கம் எல்லாருக்கும் வந்துரும், பக்கத்து வீட்டுக்குப் போறது அந்த சப்தான். பத்து மணிக்கு மேல ஏவிஆர்ல நைட் மோட் (பெரிய சத்தத்த அடக்குற செட்டிங்) போட்டு, சப் ட்ரிம்ம ஒரு 5, 6 எறக்கிருங்க. சப்புக்கு அடில தடியான ஃபோமோ ரப்பர் மேட்டோ போட்டா தரை வழியா எறங்குற அதிர்வு கொறையும், கீழ்போர்ஷன்காரங்களுக்கு நல்லது, ஆனா காத்துல போறத அது நிறுத்தாது, அதுக்கு இடம் மாத்துறதும் லெவலும்தான் வழி.

வண்ணை_5.1

அண்ணே எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழம ஃபுல்லா இதே வேலதான். சப்ப சோபா மேல ஏத்தி வச்சுட்டு நான் தரைல ஊர்ந்தேன். மூலைல பூம்னு இருந்துச்சு. இடது செவுத்தோரமா, அதாவது தெருப் பக்கம், டிவி செவுத்துலேர்ந்து மூணரை அடி தள்ளி வந்ததும் பாஸ் கிட்டார்ல ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா எண்ணலாம் போல கேட்டுச்சு. அரை அடி இப்படி அப்படி நகந்தாலே வித்தியாசம் தெரியுது, நான் நம்பவே இல்ல. சப்ப அங்க வச்சேன். சோபா ரெண்டு அடி பின்னாடி போயிருச்சு, சமையல்கட்டுக்குப் போற வழி கொஞ்சம் சுருங்குது, அம்மா பரவால்லன்னுட்டாங்க.

நாப் பத்தரை மணில, மறுபடி ஓட்டுனதுல ட்ரிம் -4. ஆபீஸ் ஃபிரண்டோட மீட்டர் வாங்கி வச்சேன், முன்னாடி மூணும் 75, சப் 74, 75ல ஆடுது. ஃபேஸ் 180ல 80 ஹெர்ட்ஸ்ல 4 டிபி ஜாஸ்தி வந்துச்சு, அதுலயே விட்டுட்டேன். அப்புறம் ட்ரிம் -2க்கு ஏத்துனேன், அதுக்கு மேல தேவைப்படல. இப்போ சத்தம் டிவிலேர்ந்து வருதா சப்லேர்ந்து வருதான்னே தெரியல, அதான் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.

அக்கா வீட்டுக்கும் போனேன். அண்ணன இங்க அதே வெடி சீன் போடச் சொல்லிட்டு, நான் அவங்க செல்ஃப்கிட்ட நின்னு டம்ளர் மேல வெரல வச்சுப் பாத்தேன். மொத தடவ லேசா ஒரு துடிப்பு இருந்துச்சு, சத்தம் இல்ல. ட்ரிம்ம -7 ஆக்கச் சொன்னேன், அதுவும் நின்னுருச்சு. அதனால பத்து மணிக்கு மேல -7, முன்னாடி -2. அக்கா ரெண்டு டம்ளருக்கு நடுவுல துணி வேற வச்சிருந்தாங்க, அத எடுத்துட்டாங்க.

ஸ்டூல்ல மட்டும் இன்னும் கொஞ்சம் பூம் இருக்கு. என்ன பண்ணலாம்?

பெரம்பூர்_டெசிபல்

ஸ்டூல செவுத்துலேர்ந்து ஒரு ரெண்டரை அடி உள்ள இழுங்க தம்பி, செவுத்தோரம்தான் அந்த 56 உச்சத்துல இருக்கும். அப்பயும் விடலன்னா ஏவிஆர்ல சப்புக்கு தனி ஈக்யூ (ஒரு நோட்ட மட்டும் ஏத்தி எறக்குறது) இருக்கான்னு பாருங்க, 56கிட்ட 3 டிபி எறக்கலாம், ஆனா உங்க சோபாலயும் அது கொறையும், யாரு சீட்டு முக்கியம்னு அண்ணன்கிட்ட பேசிக்கோங்க. திரை, சோபா, பெரிய பீரோ எது நகந்தாலும் மைக்க ஒருக்கா திரும்ப ஓட்டிருங்க, அந்த +9 மறுபடி எட்டிப் பாக்குதான்னு ட்ரிம் நம்பர மட்டும் குறிச்சு வைங்க.