முன்பல்லில் பழுப்புக் கறை: பாண்டிங்கா, வெனீரா?

பென்னாகரத்துப் பொண்ணு:
எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், முன்பல் நான்கிலும் பழுப்புத் திட்டு. கிளீனிங் செய்தும் போகவில்லை, போட்டோ என்றாலே வாயை மூடிக்கொள்கிறேன். சேலத்தில் ஒரு டாக்டர் காம்போசிட் பாண்டிங் (பல் நிறப் பூச்சைப் பல்மேல் ஒட்டி மறைப்பது) போதும் என்கிறார், இன்னொருவர் வெனீர்தான் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) நிலைக்கும் என்கிறார். தை மாதம் கல்யாணம். பல்லை ராவுவார்களா, வலிக்குமா?

பல்மருத்துவர்_கோவை:
நீங்கள் சொல்வது ஃபுளோரோசிஸ், அதாவது தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமானால் பல்லில் வரும் கறை போலத்தான் இருக்கிறது. பல் தாடைக்குள் உருவாகும்போதே எனாமலில் (பல்லின் கெட்டியான மேலடுக்கு) ஏறிய கறை, கிளீனிங்கில் எப்படிப் போகும்? எடுத்த எடுப்பில் வெனீருக்குப் போகாதீர்கள். அதற்குப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலை ராவ வேண்டும், ராவியது திரும்ப வளராது, அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பல்லுக்கு ஏதாவது ஒன்று ஒட்டியே ஆக வேண்டும். முதலில் மைக்ரோஅப்ரேஷன், அதாவது அமிலமும் நுண்பொடியும் கலந்த பசையால் தேய்த்து எனாமலின் மேற்பரப்பை மட்டும் லேசாக எடுப்பது. தேவைப்பட்டால் பிளீச்சிங். அதற்கும் போகாத திட்டுக்கு மட்டும் பாண்டிங். பிளீச் செய்த கையோடு பாண்டிங் போடக் கூடாது, இரண்டு வாரமாவது விட வேண்டும், பல்லில் தங்கும் ஆக்சிஜன் காம்போசிட்டைச் சரியாக ஒட்ட விடாது. பாண்டிங் போட்ட பிறகு பிளீச் செய்தாலும் பிரயோஜனமில்லை, காம்போசிட் வெளுக்காது. அதனால் இப்போதே ஆரம்பியுங்கள்.

கிருஷ்ணகிரி_அக்கா:
எனக்கும் இதே கறைதான் தங்கச்சி, பாண்டிங் போட்டிருக்கிறேன். மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படவில்லை. பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியும் என்று ஈரமாக இருக்கும்போதே நிறம் பார்த்து எடுத்தார். அமில ஜெல் தடவிக் கழுவிக் காயவைத்ததும் பல் சாக்பீஸ் மாதிரி மங்கியது, அதன்மேல் பசை, பிறகு காம்போசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் நீல லைட் அடித்தார். கறை அடர்த்தியாக இருந்தால் மேலே தெரியாமல் இருக்க அடியில் ஒபேக் (ஒளி ஊடுருவாத) அடுக்கு வைப்பார்களா என்று கேளுங்கள். பாலிஷை அவசரமாக முடிக்க விடாதீர்கள், சொரசொரப்பாக விட்டால் டீக்கறையும் மஞ்சளும் அங்கேதான் ஏறும். முறுக்கை உடைத்துக் கடைவாயில் போட்டுக்கொள்கிறேன், கரும்பை விட்டேவிட்டேன்.

பென்னாகரத்துப் பொண்ணு:
ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அக்கா. எத்தனை வருஷம் தாங்கும்?

பல்மருத்துவர்_கோவை:
பொதுவாக 5 முதல் 7 வருஷம். நகம் கடிப்பதோ தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதோ இருந்தால் சீக்கிரம் பெயரும், அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இரவில் பல்லில் மாட்டிக்கொள்ள நைட் கார்டு என்ற உறை செய்து கொடுப்பார். ஓரம் உடைந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

தர்மபுரி_வாத்தியார்:
வீட்டில் எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் காவிரியிலிருந்து குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரையே பிடித்து வையுங்கள் அம்மா. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் பள்ளிப் பெற்றோர் பலர் நம்புகிறார்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும்.